கறுத்த தோலையும் வெயில் சுடும்

லாரி ஓட்டுநர் ஒருவரின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கை தனியாகக் கறுத்திருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் முழுப் பலன் இல்லை. தோலைச் சுடும் புற ஊதா ‘பி’ கதிரைத்தான் அது பெரும்பாலும் தடுக்கும். ஆழம்வரை போய்ச் சுருக்கம் விழவைக்கும் ‘ஏ’ கதிர் உள்ளே வந்துவிடும்.

நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது பாதி உண்மை. மெலனின் காப்புத் தருகிறது. தோல் புற்றுநோயும் வெள்ளையர்களைவிட நமக்குக் குறைவு. ஆனால் வெயில் சுட்டால் நமக்குச் சிவப்பது எளிதில் தெரியாது. எரியும், தோல் இழுத்துப் பிடிக்கும், சில நாளில் உரியும், பிறகு மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும்.

அந்தக் கறுப்பைப் போக்க நாம் செய்யும் வைத்தியம்தான் பெரிய வம்பு. எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெளியே போனால், சாற்றிலுள்ள வேதிப்பொருள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கிவிடும். சாறு வழிந்த தடம் அப்படியே கறுத்துப்போகும். மருந்துக்கடையில் ‘முகம் வெளுக்க’ என்று கேட்டு வாங்கும் க்ரீம் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, வெயிலில் கால் வைத்ததுமே எரியும். நிறுத்தினாலோ பருவும் எரிச்சலும் கூடும். அதனால் தோல் மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்கள் 2018இல் மருந்துச் சீட்டுப் பட்டியலுக்குள் வந்துவிட்டன. சீட்டில்லாமல் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது உதவி அல்ல, சட்டமீறல். பில் கேட்டு வாங்குங்கள். பில்லும் ட்யூபும் இருந்தால் மருந்து ஆய்வாளரிடம் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் குடையும் முழுக்கைச் சட்டையும் எந்த க்ரீமையும்விட நம்பகமானவை. சன்ஸ்கிரீன் வாங்கினால் எஸ்பிஎஃப் 30 போதும். ‘பி’ கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றாலும் 98தான். கடுகளவு தொட்டுப் பூசினால் காசுக்குக் கேடு. தாராளமாகப் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

சுட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸும் டூத்பேஸ்ட்டும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். காய்ச்சல், நடுக்கம், வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைடும், பருவுக்குத் தரும் டாக்சிசைக்ளினும் தோலை வெயிலில் எளிதில் சுடவைப்பவை.