பக்கம் கோப்புக்குள் இல்லை

போன மாசம் ஊரிலிருந்து பெரியப்பா போன் பண்ணினார். "தம்பி, என் புஸ்தகம் கெட்டுப்போச்சுடா. மேல இருந்த தலைப்பு, கீழ இருந்த பக்க எண் எதையும் காணோம். பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது."

பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் பகுதி ஏரிகள், மதகுகள், அவற்றின் பெயர்கள் பற்றி நான்கு வருடமாக வேர்டில் ஒற்றை விரலால் தட்டச்சு செய்துவருகிறார். கடைசியில் சொல்லடைவு ஒன்றும் உண்டு. எந்த ஏரி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கையாலேயே எண் போட்டது. அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி.

அவர் சொன்ன பிரச்சினை சின்னது. இரண்டு பக்கங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் சுட்டியை வைத்து இரட்டைச் சொடுக்கு போட்டால், வேர்டு மேல் கீழ் வெற்றிடத்தை மறைத்துவிடும். தலைப்பும் பக்க எண்ணும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கின்றன, அதனால் அவையும் சேர்ந்து மறையும். பக்கங்கள் சேரும் கோட்டின் மேல் மறுபடி இரட்டைச் சொடுக்கு போட்டால் திரும்பி வந்துவிடும். வரவில்லை என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்பிளே என்று போய் 'ஷோ ஒயிட் ஸ்பேஸ்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். வியூ மெனுவில் 'வெப் லேஅவுட்' தேர்வாகியிருந்தாலும் பக்கம் தெரியாது. 'பிரிண்ட் லேஅவுட்' போட வேண்டும். இவை எல்லாம் பார்வைக்கான அமைப்புகள். எழுதியதில் ஒரு எழுத்துகூடப் போகாது.

இது இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கோப்பை எனக்கு அனுப்பச் சொன்னேன். அங்கேதான் பெரிய பிரச்சினை கிடைத்தது. சொல்லடைவில் 84 என்று இருந்த மதகு, என் கணினியில் எட்டுப் பக்கம் தள்ளி இருந்தது. சொன்னதும் பெரியப்பா, "பரவாயில்ல, பக்கம் பக்கமா என்டர் தட்டிச் சரி பண்ணிடறேன்" என்றார். "ஐயோ, தொடாதீங்க பெரியப்பா" என்றேன்.

ஏன் தொடக்கூடாது? ஒரு டாக்எக்ஸ் கோப்பின் நகலை எடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே வேர்டு என்ற உறையில் டாகுமெண்ட் எக்ஸ்எம்எல் என்று ஒன்று இருக்கும். அதில் பத்தி, பத்தியாக எழுத்துதான். பக்கம் என்று ஒரு பொருளே கிடையாது. கடைசியாகத் திறந்தபோது பக்கம் எங்கே முறிந்தது என்ற அடையாளம் இருக்கலாம், ஆனால் அது வெறும் குறிப்பு, கட்டளை இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி, தாள் அளவு எல்லாவற்றையும் வைத்து வேர்டு பக்கங்களைப் புதிதாகக் கணக்குப் போடுகிறது. இவற்றில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும்.

எங்கள் விஷயத்தில் மாறியது எழுத்துரு. பெரியப்பாவின் பழைய கணினியில் விண்டோஸ் 7, அதில் லதா எழுத்துரு கூடவே வரும். விண்டோஸ் 10இல் லதா தமிழுக்கான கூடுதல் தொகுப்புக்குப் போய்விட்டது, நாமாக நிறுவ வேண்டும். என்னிடம் அது இல்லாததால் வேர்டு சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொண்டது. அச்சகத்திலும் இதே கதிதான் ஆகியிருக்கும்.

நாங்கள் செய்தது இது. முதலில் கண்ட்ரோல், ஷிப்ட், 8 அழுத்தி மறைந்திருக்கும் குறிகளைத் தெரியவைத்தோம். அத்தியாயத்தைப் புதுப் பக்கத்தில் தொடங்க அவர் தட்டியிருந்த என்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றை நீக்கி, கண்ட்ரோல் என்டர் போட்டோம். அதுதான் முறையான பக்க முறிப்பு. சில இடங்களில் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருந்ததால் கீ, றீ போன்ற எழுத்துகளின் மேல் வளைவு வெட்டுப்பட்டிருந்தது. அதை 'மல்டிபிள்' ஆக்கினோம். தாள் ஏ4தானா என்று பார்த்துக்கொண்டோம். லெட்டர் தாள் ஏ4ஐவிட 18 மில்லிமீட்டர் குட்டை, அதில் அடித்தால் பக்கங்கள் கூடும். பிறகு லதாவை நிறுவினேன்.

சொல்லடைவுக்குத்தான் இரண்டு ராத்திரி ஆனது. அவர் போனில் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, நான் அந்த இடத்துக்குப் போய் ஆல்ட், ஷிப்ட், எக்ஸ் அழுத்திக் குறித்தேன். இனி பக்கம் எப்படி மாறினாலும், சொல்லடைவில் எஃப்9 தட்டினால் எண்கள் தானே திருந்தும். நடுவில் ஒரே மதகுக்கு இரண்டு பெயர் இருப்பதும் அகப்பட்டது. பெரியப்பாவுக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பைக் கொடுக்கவில்லை, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தோம். அதில் எழுத்துருவும் பக்கமும் நிலைத்துவிடும்.

உங்கள் கோப்பும் இப்படி ஆனால், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்டரில் கை வைப்பதெல்லாம் அப்புறம்.