பொறியாளர் படிக்க வேண்டிய முதல் வரைபடம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இடம் தேடுகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்று, மின் இணைப்பு, தேசிய நெடுஞ்சாலைக்கு உள்ள தொலைவு ஆகியவற்றை முதலில் விசாரிக்கின்றனர். அந்த நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் எழுகிறது. அடித்தளத்துக்குக் குழி தோண்டும்போது எதிர்பாராத களிமண் வெளிப்பட்டாலோ, ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர் வந்தாலோ மட்டுமே அது பேசுபொருளாகிறது. ஆனால், அந்தக் கேள்விக்கான விடையின் முதல் பகுதி, மக்களின் வரிப்பணத்தில் ஏற்கெனவே வரையப்பட்டு ஒரு தாளில் காத்திருக்கிறது. அதுவே நிலவியல் வரைபடம்.

கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கு நிலவியல் ஒரு பாடமாகவே இருக்கிறது. எனினும், அது தேர்வுக்குப் படித்து மறக்கும் பாடமாகச் சுருங்கிவிட்டது. நிலவியல் வரைபடத்தைப் படிப்பதும் பாறையை இனங்காண்பதும் பொறியாளரின் அடிப்படைத் திறன்கள் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தை விடச் சிறந்த சான்று அரிது.

சாதாரண வரைபடம் சாலையையும் ஊரையும் காட்டும். நிலவியல் வரைபடமோ மேல்மண்ணை விலக்கிப் பார்த்தால் எந்த இடத்தில் எந்தப் பாறை இருக்கும் என்பதைக் காட்டும். ஒவ்வொரு வண்ணமும் ஒரு பாறைத் தொகுதி. ஓரத்தில் உள்ள குறிப்பு அட்டவணையில் மிக இளைய படிவு மேலேயும், மிகப் பழைய பாறை கீழேயும் இருக்கும். இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் கோடு, ஒரு பாறை முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லை. நீண்ட கோட்டின் நடுவே சிறு கோடு ஒன்று நீட்டிக்கொண்டு, அருகில் ஓர் எண்ணும் இருந்தால், பாறை அடுக்கு அந்தத் திசையில் அத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

அந்தச் சிறிய எண்ணின் மதிப்பை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். சமதளமான ஓரிடத்தில் தரையில் தெரியும் ஒரு பாறை அடுக்கு, கிழக்கு நோக்கி 5 பாகை சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து கிழக்கே 1 கிலோமீட்டர் சென்றால், அதே அடுக்கு ஏறத்தாழ 87 மீட்டர் ஆழத்தில் இருக்கும். பள்ளிக்கூட முக்கோணவியலே இதற்குப் போதும். நீர் தரும் மணல் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் கிடைக்கும், அடித்தளத் தூண்களை எதுவரை இறக்க வேண்டும் என்பனவற்றை இவ்வாறு முன்கூட்டியே மதிப்பிடலாம். பின்னர் துளையிட்டு அதைச் சரிபார்க்க வேண்டும். வரைபடம் துளைக்கு மாற்று அன்று. எங்கே, எத்தனை துளைகள் தேவை என்பதைச் சொல்லும் வழிகாட்டி.

இந்திய நில அளவை வரைபடங்களின் வரிசையில் திருவள்ளூர் நகரம் 57 ஓ என்ற தாளிலும், கும்மிடிப்பூண்டி 66 சி என்ற தாளிலும் இடம்பெறுகின்றன. திருத்தணியிலிருந்து பழவேற்காடு வரை நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். இந்தக் குறுகிய தொலைவுக்குள் மூன்று வேறுபட்ட நிலங்களைக் கடக்கிறோம். மேற்கே திருத்தணிப் பக்கம் நைஸ், கிரானைட் போன்ற மிகத் தொன்மையான கடினப் பாறைகள். நடுவே பூண்டி, அல்லிக்குழி, சத்தியவேடு பகுதிகளில் டைனோசர் காலத்தைச் சேர்ந்த கோண்டுவானாப் படிவுகள்: மணற்கல், களிப்பாறை, உருண்டைக் கற்கள் ஒன்றுதிரண்டு இறுகிய திரள்பாறை. அவற்றின் மேல் ஆங்காங்கே செம்பூரான் கல் போர்த்தியிருக்கிறது. கிழக்கே ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும் களிமண்ணும் கடல்வரை பரவியுள்ளன.

இம்மூன்றும் பொறியாளரிடம் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. கடினப் பாறை பெரும் சுமையைத் தாங்கும். ஆனால் அதன் வெடிப்புகளில் மட்டுமே நீர் கிடைக்கும். களிப்பாறை காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தோன்றும். நீர் பட்டால் மெல்லிய தகடுகளாகப் பிரிந்து குழையும். ஆற்றுமணல் நீரை வாரி வழங்கும். ஆனால் கனரக இயந்திரங்களை அதன்மேல் நிறுத்த ஆழமான அடித்தளம் தேவைப்படலாம். எனவே, திருத்தணியில் வெற்றிபெற்ற அடித்தள வடிவமைப்பை அப்படியே மீஞ்சூரில் பயன்படுத்த முடியாது.

வரைபடத்தில் வண்ணமாக இருப்பதைக் கையில் கல்லாக எடுத்து அறிவது அடுத்த படி. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலின்படி நகத்தின் கடினம் சுமார் 2.5, எஃகுக் கத்தி 5.5, குவார்ட்ஸ் 7. கத்தியால் கீறினால் கோடு விழாத வெள்ளைக் கல் குவார்ட்ஸாக இருக்கலாம். எளிதில் கோடு விழுந்து, நீர்த்த அமிலம் பட்டதும் நுரைத்தால் அது கால்சைட். மணற்கல்லை உடைத்தால் பிளவு மணல் துகள்களைச் சுற்றிச் செல்லும். குவார்ட்சைட்டை உடைத்தால் பிளவு துகள்களையே வெட்டிக்கொண்டு செல்லும். ஒரு சுத்தியல், ஒரு கத்தி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு குவளை நீர் ஆகியவை இருந்தால் தொடக்கப் பாடம் முழுவதையும் நடத்திவிடலாம்.

இந்தப் பாடத்தை மிகப் பழங்காலத்திலேயே கற்றவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் வாழ்ந்தனர். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். இருவரும் நிலவியல் ஆய்வுப் பணியிலிருந்த அலுவலர்கள். பாறையைப் படிக்கத் தெரிந்ததால்தான் மனிதர் செதுக்கிய கல்லையும் இயற்கையாக உடைந்த கல்லையும் அவர்களால் பிரித்தறிய முடிந்தது. பிற்காலத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வின்படி, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 15 லட்சம் ஆண்டுகளையும் எட்டக்கூடியவை. அவற்றைச் செய்தவர்கள் கையில் கிடைத்த கல்லையெல்லாம் பயன்படுத்தவில்லை. கூராக உடைந்து, எளிதில் மழுங்காத குவார்ட்சைட்டையே பெரிதும் தேர்ந்தெடுத்தனர். பொருளைத் தேர்ந்த பிறகே வடிவத்தை உருவாக்குவது என்ற பொறியியல் ஒழுங்கு இந்த ஆற்றங்கரைக்குப் புதியதன்று.

அந்த ஒழுங்கைக் கைவிட்டால் நேர்வது என்ன என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு, கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை. 1928 மார்ச் 12 நள்ளிரவை ஒட்டி அது உடைந்தது. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அணையின் மேற்குக் கரை திரள்பாறையின்மீது அமைந்திருந்தது. உலர்ந்த நிலையில் உறுதியாகத் தெரிந்த அந்தக் கல், நீரில் இட்டதும் சிறிது நேரத்தில் கரைந்து உதிர்ந்ததை விசாரணையாளர்கள் கண்டனர். கிழக்குக் கரை ஒரு பழைய நிலச்சரிவின்மீது அமைந்திருந்ததைப் பிற்கால ஆய்வுகள் எடுத்துக்காட்டின. அணையை அமைத்தவர் லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கே நீர் கொண்டுவந்த புகழ்பெற்ற பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட். அனுபவம் அவரிடம் குறைவில்லாமல் இருந்தது. ஒரு குவளை நீரில் அந்தக் கல்லைப் போட்டுப் பார்க்கும் சோதனை, அணை எழும்பும் முன்பே செய்யப்பட்டிருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தின் இழப்பு அவ்வாறு ஒரே இரவில் நேர்ந்ததன்று. 1960-களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ஆரணியாறு - கொசஸ்தலையாறு படுகையின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்று வயல்கள் அமைந்தன. அந்த நீர் தொழிற்சாலைகளுக்கும் சென்னை நகருக்கும் சென்றது. உழவர்களும் அதே மணலடுக்கிலிருந்து நீர் இறைத்தனர். மீஞ்சூர்ப் பகுதியில் 1969-இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உவர்நீர் எல்லை, 1983-க்குள் சுமார் 10 கிலோமீட்டர் வரை நகர்ந்துவிட்டது.

இதன் காரணத்தை வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த மாணவர் எளிதில் புரிந்துகொள்வார். ஆற்றுப்படிவைக் குறிக்கும் வண்ணம் கடற்கரையில் முடிந்துபோகிறது. மணலடுக்கு அங்கே முடிவதில்லை, கடலுக்கு அடியிலும் தொடர்கிறது. அந்த அடுக்கில் நன்னீரும் கடல்நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. கடல்நீர் சற்றே எடை மிகுந்தது. ஆகவே, கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மேலே 1 மீட்டர் குறைந்தால், காலப்போக்கில் கீழே 40 மீட்டர் பறிபோகும். உவரேறிய மணலை மீண்டும் நன்னீர் நிலைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும்.

1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தடுப்பணைகளும் கட்டப்பட்டன. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை செயல்படத் தொடங்கியது. வளர்ந்துவரும் நகருக்கு அத்தகைய ஆலைகள் தேவைப்படலாம். ஆயினும், இயற்கை மணலில் வடிகட்டித் தந்த நீரை இழந்துவிட்டு, மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரித்தெடுப்பது பொருளியல் நோக்கில் கசப்பான கணக்கு. எந்தத் தனிக் கிணறும் அந்தப் படுகையைக் கெடுக்கவில்லை. ஒவ்வொரு கிணறும் தன் பங்கை மட்டுமே எடுத்தது. அந்த மொத்த விளைவை முன்கூட்டிக் காணும் கண் பொறியாளரிடம் இருந்தாக வேண்டும்.

நம் கல்லூரிகளுக்கு வருவோம். பல இடங்களில் நிலவியல் ஆய்வகம் என்பது எண் ஒட்டிய கற்கள் அடங்கிய ஒரு பெட்டி. மூன்றாம் எண் கல் சார்னோகைட், ஏழாம் எண் கல் மணற்கல் என்று மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். எண் ஒட்டாத கல்லை மலையடிவாரத்தில் பார்த்தால் அதே மாணவர் தடுமாறுவார். வரைபடப் பயிற்சியும் எங்கும் இல்லாத கற்பனை நிலத்தின் வரைபடத்திலேயே நடக்கிறது. கோடு வரையும் முறை கைவருகிறது. அந்தக் கோடு யாருடைய வீட்டுக்கு அடியில் செல்கிறது என்ற உணர்வு வருவதில்லை.

இதை மாற்றப் பெருஞ்செலவு தேவையில்லை. 1851-இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வு மையம், தன் வரைபடங்களைப் பூகோஷ் இணையதளத்தில் கட்டணமின்றித் தருகிறது. ஒவ்வொரு கல்லூரியும் தான் அமைந்துள்ள மாவட்டத்தின் தாளையே பாடநூலாகக் கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு நாள் மாணவர்களைப் பேருந்தில் அழைத்துச் சென்று, திருத்தணியில் கடினப் பாறையையும், அல்லிக்குழியில் திரள்பாறையையும், பழவேற்காட்டில் கடற்கரைப் படிவையும் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். வழியில் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தையும் காட்டலாம். அன்று மாலை அவர்களே அந்தப் பயணப் பாதையின் நிலக் குறுக்குவெட்டை வரையட்டும். மதிப்பெண் அதற்கே வழங்கப்படட்டும்.

இரண்டாவது தேவை அரசின் கையில் உள்ளது. தொழிற்பேட்டைகளில் ஒவ்வொரு நிறுவனமும் பணம் செலவழித்து மண்ணைத் துளையிட்டுச் சோதிக்கிறது. அந்த அறிக்கை அலமாரிக்குள் சென்றுவிட்டால், பக்கத்து மனைக்காரர் அதே மண்ணைப் பற்றி மீண்டும் முதலிலிருந்து அறிய வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 1926-ஆம் ஆண்டின் சட்டப்படியே கனிமங்களுக்காக இடப்படும் ஆழமான துளைகளின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்று அந்நாட்டு நிலவியல் ஆய்வு அமைப்பிடம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட துளைப் பதிவுகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதியை யாரும் இணையத்தில் பார்க்கலாம். நெதர்லாந்து 2018 முதல் நிலத்தடித் தகவல்களுக்கெனச் சட்டபூர்வமான பதிவேட்டை நடத்துகிறது. கட்டட அனுமதிக்கு விண்ணப்பிப்போர் மண் சோதனை அறிக்கையின் ஒரு படியைப் பொதுத் தொகுப்புக்கு அளிக்க வேண்டும் என்று தமிழ்நாடு விதித்தால், கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் சில ஆண்டுகளிலேயே நிலத்தடியின் தெளிவான சித்திரம் கிடைத்துவிடும். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத பொருளைப் பொதுப்பொருள் என்கிறது பொருளியல். நிலத்தைப் பற்றிய தகவல் அத்தகையது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இனியும் ஆலைகளும் குடியிருப்புகளும் நீர்த்தேக்கங்களும் எழும். அவற்றுக்கான வரைபடங்களில் கையெழுத்திடப்போகும் இளைஞர்கள் இப்போது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். தாம் கட்டப்போகும் மண்ணின் வரைபடத்தை அவர்கள் ஒருமுறையேனும் விரித்துப் படித்த பிறகே பட்டம் பெற வேண்டும்.