மல் தீவில் மோட்டார்ஹோம் பயணம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய மல் தீவுக்குப் பாலம் கிடையாது. ஓபன் துறைமுகத்திலிருந்து தீவிலுள்ள கிரெய்க்நியூருக்கு ஃபெர்ரியில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். வண்டியின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும். கோடையில் முன்பதிவு இல்லாமல் கிளம்புவது வீண் அலைச்சல்.

தீவில் உண்மையான சோதனை சாலைதான். பெரும்பாலானவை ஒரே ஒரு வண்டி செல்லும் அகலமே கொண்டவை. ஆங்காங்கே ஒதுங்குமிடங்கள் உண்டு. எதிரே வண்டி வரும்போது ஒதுங்குமிடம் இடப்புறம் இருந்தால் அதற்குள் நுழைய வேண்டும். வலப்புறம் இருந்தால் அதற்கு நேராகச் சாலையிலேயே நின்று, எதிரே வருபவரை அதன் வழியே போகவிட வேண்டும். பின்னால் அவசரமாக வரும் உள்ளூர்க்காரருக்கும் இங்கேதான் வழிவிட வேண்டும். கழுகைப் படம் பிடிக்க அங்கே வண்டியை நிறுத்துவது அநாகரிகம். கிரிபன் பாறைச்சரிவின் அடியில் செல்லும் குறுகலான பாதை, கேரவனை இழுத்துச் செல்வோருக்கு ஏற்றதல்ல.

2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உலாவும் உரிமை நடப்பவர்கள், கூடாரம் அடிப்பவர்கள் போன்றோருக்குத்தான். மோட்டார் வண்டிகளுக்கு இல்லை. ஆகவே இரவில் முகாம் தளங்களில் தங்குவதே நல்லது. கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும் வசதியும் பொதுவாக அங்கே கிடைக்கும்.

பக்கத்துத் தீவான அயோனாவுக்குப் பயணிகளின் வண்டிகளுக்கு அனுமதியில்லை. மல் தீவின் ஃபியன்ஃபோர்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் படகேற வேண்டும்.