திரை காணாத தொகுப்பான்

விம் என்னும் எழுத்துத் தொகுப்பானில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, ஒரே வரி இரு முறை தோன்றுவதும், அழித்த சொல்லின் வால் மட்டும் திரையின் மூலையில் தங்கிவிடுவதும் கண்டு, கோப்பே கெட்டுப்போயிற்று என்று பதறுவோர் உண்டு. பெரும்பாலும் கோப்புக்கு ஒரு தீங்கும் நேர்ந்திராது; பிசகு திரையில் மட்டுமே. அதன் காரணம் பழையது.

கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த பில் ஜாய், விமுக்கு மூதாதையான விஐ தொகுப்பானை 1976-இல் எழுதத் தொடங்கிய காலத்தில், வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியை அணுக அவருக்கு வாய்த்த மோடம் வினாடிக்குச் சுமார் 30 எழுத்துகளையே கடத்தும். 80 கட்டங்கள் கொண்ட வரிகள் 24 அமைந்த டெர்மினல் திரையில் 1,920 எழுத்துகளுக்கு இடமுண்டாகையால், அதை ஒரு முறை நிரப்பவே ஒரு நிமிஷத்துக்கு மேல் செல்லும். விசைக்கு விசை அவ்வாறு காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆகவே, திரையில் இன்னது இருக்கிறது என்று தன் ஞாபகத்தில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, மாறிய எழுத்துகளை மட்டும், அவை விழவேண்டிய வரியையும் கட்டத்தையும் குறித்து அனுப்பும் உபாயம் கையாளப்பட்டது. கம்பி வேகம் பெற்ற பின்னும் அவ்வழக்கம் நீங்கவில்லை.

இதில் சூட்சுமம் யாதெனில், தொகுப்பான் திரையை ஒருபோதும் பார்ப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு சதுரங்கம் ஆடுகிறவர், குழந்தையொன்று பலகையில் ஒரு குதிரையை நகர்த்திவிட்டதை அறியாமலே அடுத்த காயை நகர்த்தச் சொல்வதைப்போல, பின்னணியில் ஓடும் வேறொரு நிரல் திரையில் இரண்டு வரிகளைக் கொட்டிவிட்டாலும், இது தன் பழைய ஞாபகத்தின்படியே எழுதிக்கொண்டு போகும்.

பரிகாரம் எளிது: கன்ட்ரோலோடு எல் விசையை அழுத்தினால், தொகுப்பான் ஞாபகத்தை நம்பாமல் திரை முழுவதையும் புதிதாக வரையும். அதன்பின் குழப்பம் திரும்பாவிடில், அத்துமீறிய அந்த நிரலே குற்றவாளி. வரையும்போது சீராகி, வரிகளை உருட்டியதும் மறுபடி கெடுமாயின், ‘டெர்ம்’ என்னும் மாறியைச் சந்தேகிக்க வேண்டும். எந்த வகை டெர்மினலுக்கு எந்தக் கட்டளை என்பதை நிரல்கள் அதைக் கொண்டே தெரிந்துகொள்கின்றன. ஒரே திரையில் பல டெர்மினல்களைத் தரும் டிமக்ஸ் என்னும் நிரலுக்குள் இருந்துகொண்டு, எங்கோ பார்த்துப் பிரதி செய்த வரியால் அதை ‘எக்ஸ்டெர்ம்’ என்னும் வேறொரு டெர்மினலின் பெயராக மாற்றி வைத்திருப்பவர்கள் அநேகர். அந்த வரியை நீக்குவதே உசிதம். ஜன்னலைப் பெரிதாக்கியும் எழுத்துகள் பழைய அகலத்துக்குள்ளேயே ஒடுங்கி நின்றால், அளவு மாறியதை அறிவிக்கும் சைகை தொகுப்பானை எட்டவில்லை என்று கொள்ளலாம்.

எத்தனை முறை வரைந்தாலும் அதே பிழை நிற்குமானால், ஞாபகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழில் எழுதுவோருக்கு இது பழகிய தொல்லை. ‘கொ’ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கோ ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. அதற்குக் கட்டம் எத்தனை என்பதில் தொகுப்பான் ஒரு கணக்கும் டெர்மினல் வேறொரு கணக்கும் போட்டால், கர்சர் எழுத்துக்கு எழுத்து விலகிக்கொண்டே போகும். அப்போது தொகுப்பானின் அமைப்புகளோடு மல்லாடாமல், வேறொரு டெர்மினலில் அதே கோப்பைத் திறந்து பார்ப்பதே முதற்காரியம்.