மஞ்சள் கல் நட்ட நிலம்: கேரளத்தின் சில்வர்லைன் சர்ச்சை

திருவனந்தபுரத்தில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் காசர்கோட்டில் இறங்கிவிடலாம் என்ற உறுதியோடு கேரள அரசு முன்வைத்த ரயில் திட்டம் சில்வர்லைன். மக்கள் வாயில் அது ‘கே-ரெயில்’. மொத்த நீளம் 529.45 கிலோமீட்டர், 11 நிலையங்கள், உச்ச வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர், மதிப்பீடு சுமார் 63,941 கோடி ரூபாய். 200 கிலோமீட்டர் என்பதால் பொறியாளர்கள் இதை ‘அரை அதிவேகம்’ என்ற வகையில் சேர்க்கிறார்கள். ஆனாலும் இந்தியாவில் வேக ரயில் ஒன்றுக்கு எதிராக, பாதை வரும் ஊர்களிலிருந்தே எழுந்த எதிர்ப்புகளில் கேரளத்தில் நடந்ததைப் போல வீடு வீடாகப் பரவியவை குறைவு.

திட்டத்தின் தேவையைப் பெரும்பாலான எதிர்ப்பாளர்களே மறுத்ததில்லை. கேரளம் கடலுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நீள நாடு. வடக்கிலிருந்து தெற்கே போவதற்கு உள்ள ரயில் பாதை ஊரூராக வளைந்து செல்கிறது. அதில் வளைவுகள் மட்டும் அறுநூறுக்கு மேல். விரைவு ரயில்களே மாநிலத்தைக் கடக்க பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டன. சாலையில் நிலைமை இன்னும் மோசம். நகரம் எங்கே முடிகிறது, கிராமம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி சாலையின் இருபுறமும் வீடுகளும் கடைகளும் தொடர்கின்றன.

வேகப் பாதை பற்றிய பேச்சு இடதுசாரி ஆட்சியோடு மட்டும் ஒட்டியதும் அல்ல. 2011இலேயே அதிவேக ரயிலுக்கென்று தனி நிறுவனம் பதிவானது. டெல்லி மெட்ரோ நிறுவனம் ஆய்வு செய்தது. செலவு கைமீறும் என்று தெரிந்ததும் அந்தத் திட்டம் ஒதுங்கியது. 2017இல் மாநில அரசு 51 சதவீதமும் ரயில்வே அமைச்சகம் 49 சதவீதமும் பங்கு வைத்து கேரள ரயில் வளர்ச்சிக் கழகம் உருவானது. சில்வர்லைன் அதன் பெரிய கனவு. 2019 டிசம்பரில் ரயில்வே கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. பிரெஞ்சு நிறுவனமான சிஸ்ட்ரா விரிவான திட்ட அறிக்கையைத் தயாரித்தது, 2020இல் மாநில அமைச்சரவை அதை ஏற்றது. கொள்கையளவு ஒப்புதல் என்பது திட்டத்தைக் கட்டுவதற்கான அனுமதி ஆகாது. முதலீட்டுக்கு முந்தைய ஆயத்த வேலைகளுக்கு மட்டுமே அது இடம் தரும். பின்னால் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் திரும்பத் திரும்ப வந்த வாதம் இதுதான்.

பாதையின் வழி இப்படி: திருவனந்தபுரத்தின் கொச்சுவேளியில் தொடங்கி கொல்லம், செங்கன்னூர், கோட்டயம், எர்ணாகுளம் அருகே காக்கநாடு, கொச்சி விமான நிலையம், திருச்சூர் வழியாகத் திரூர் வரை பழைய ரயில் பாதையை விட்டு விலகிப் புது நிலத்தில் செல்லும். திரூரிலிருந்து கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு வரை பெரும்பாலும் பழைய பாதையை ஒட்டியே போகும். ஆகவே தென் மாவட்டங்களில் எதிர்ப்பு ‘ஏன் எங்கள் ஊர் வழியாக’ என்று எழுந்தது. வடக்கில் ஏற்கெனவே ரயிலுக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் ‘மறுபடியும் நாங்களா’ என்று கேட்டன. கோழிக்கோடு அருகே காட்டிலபீடிகையில் 2020இல் தொடங்கிய சத்தியாகிரகப் பந்தல் ஆயிரம் நாளைக் கடந்தும் நின்றது.

வரைபடத்தைவிட அதிகம் பேசப்பட்டது பாதை நிற்கும் விதம். ஏறத்தாழ 293 கிலோமீட்டர், அதாவது மொத்த நீளத்தில் பாதிக்கு மேல், மண்கரை மீது அமையும் என்று திட்ட அறிக்கை சொன்னது. தூண்கள் மேல் செல்லும் பாலப் பகுதி சுமார் 88 கிலோமீட்டர். மலையைக் குடைந்து செல்வது 11 கிலோமீட்டர் சொச்சம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மேட்டு நிலத்தை வெட்டித் தாழ்த்திய பள்ளத்தில். மண்கரைதான் மலிவு. மும்பை-அகமதாபாத் புல்லட் ரயில் ஏறக்குறைய முழுவதும் தூண்கள் மேல் அமைவதையும், அதன் செலவு எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்தால் இந்தத் தேர்வின் காரணம் புரியும். ஆனால் மலையிலிருந்து இறங்கும் 44 ஆறுகளில் 41 மேற்கே கடலை நோக்கி ஓடும் மாநிலத்தில், வடக்கு தெற்காக நீளும் கரை நீரின் போக்குக்குக் குறுக்கே நிற்கும். 2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை வீட்டுச் சுவரில் இன்னும் குறித்து வைத்திருப்பவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. போதிய மதகுகள் இருக்கும், 500 மீட்டருக்கு ஒரு சுரங்கவழி அமையும் என்று கழகம் பதில் சொன்னது. 200 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் ஓடும் பாதையை யாரும் குறுக்கே நடந்து கடக்க முடியாது, இருபுறமும் வேலி வேண்டும். எனவே கேரளத்தை நெடுக இரண்டாகப் பிரிக்கும் மதில் என்ற எதிர்ப்பாளர்களின் பேச்சு ஒரேயடியாக அடங்கவில்லை.

கரைக்கு வேண்டிய கல்லும் மண்ணும் எங்கிருந்து வரும் என்பது தமிழ்நாட்டையும் தொடும் கேள்வி. கட்டுமானப் பணிகளுக்காகக் கன்னியாகுமரி, தென்காசி மாவட்டங்களின் குவாரிகளிலிருந்து கேரளத்துக்குப் போகும் கல் லாரிகள் அந்த ஊர்களில் ஏற்கெனவே சண்டைக்குரிய விஷயம். பல ஆண்டுகள் நீளும் இவ்வளவு பெரிய கட்டுமானத்தை அதோடு சேர்த்து எண்ணிப் பார்த்தவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருந்தார்கள்.

நிலக்கணக்கு: 1,383 ஹெக்டேர். அதில் ரயில்வேயிடம் உள்ளது போக மிகப்பெரும் பகுதி தனியார் நிலம். அகற்றப்பட வேண்டிய கட்டடங்கள் 9,314 என்று திட்ட அறிக்கை கணக்கிட்டது. சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் வாழும் மாநிலத்தில் (2011 கணக்கெடுப்பு) இந்த எண்கள் கனமானவை. தென்னை, பலா, கிணறு, மாட்டுக்கொட்டகை, சில இடங்களில் குடும்பக் கல்லறை எல்லாம் அடங்கியதே ஒரு வீட்டு மனை. வளைகுடாவில் உழைத்த பணம் பல வீடுகளில் செங்கல்லாக நிற்கிறது. அரசு அறிவித்த இழப்பீடு குறைவானதும் அல்ல. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்படி கிராமப்புறத்தில் சந்தை மதிப்பில் நான்கு மடங்கு வரை, நகரத்தில் இரண்டு மடங்கு. வீட்டை இழப்பவருக்குக் கூடுதலாக 4.6 லட்சம் ரூபாய். ஆனால் பக்கத்து ஊரில் அதே விலைக்கு மனை கிடைக்குமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் மஞ்சள் கல் வந்தது. சமூகத் தாக்க ஆய்வுக்காகப் பாதையின் எல்லையைக் குறிக்க, ‘கே-ரெயில்’ என்று எழுதிய மஞ்சள் நிறக் கான்கிரீட் கல்லை அதிகாரிகள் நட்டுக்கொண்டு போனார்கள். மலையாளிகள் இதை ‘மஞ்ஞக்குற்றி’ என்றார்கள். சாதாரண சர்வேக்கு இத்தனை பெரிய, பெயர் பொறித்த கல் எதற்கு என்று உயர் நீதிமன்றமே கேட்டது. கல் விழுந்த நிலத்தை ஈடு வைத்துக் கடன் கேட்டால் வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் தயங்கின. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவருக்கு வாங்க ஆளில்லை. நிலம் இன்னும் கையகப்படுத்தப்படவில்லை, விற்கலாம், அடகு வைக்கலாம் என்று அமைச்சர்கள் சொன்னார்கள்; கடன் கொடுக்கும் மேலாளருக்கு அந்த உறுதி போதவில்லை. பாதையின் இருபுறமும் கட்டுப்பாட்டு எல்லை உண்டா என்பதில் அரசுக்குள்ளேயே குழப்பம். அப்படி எதுவும் இல்லை என்று ஓர் அமைச்சர் சொல்ல, பக்கத்துக்குப் பத்து மீட்டர் உண்டு என்று கழகம் விளக்க, அமைச்சர் தம் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

2022 மார்ச் 17 அன்று கோட்டயம் மாவட்டம் சங்கனாசேரி அருகே மாடப்பள்ளியில் கல் நட வந்தவர்களை ஊர்க்காரர்கள் மறித்தார்கள். பெண்களைப் போலீசார் தரையில் இழுத்துச் செல்லும் காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. அதுவரை திட்டத்தைப் பற்றிக் கருத்தே இல்லாதவர்களும் அன்று பக்கம் எடுத்தார்கள். அடுத்த வாரங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் நட்ட கற்கள் பிடுங்கப்பட்டுக் குளத்திலும் வயலிலும் போய் விழுந்தன. சர்வேயைத் தடை செய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் அதே மாத இறுதியில் ஏற்க மறுத்தது. சட்டப்படி அரசுக்கு வெற்றிதான். ஊருக்குள் போய்க் கல் நடுவது அதற்குப் பிறகும் எளிதாகவில்லை.

வல்லுநர்களின் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. சில்வர்லைன் 1,435 மில்லிமீட்டர் கொண்ட ஸ்டாண்டர்டு கேஜ் பாதை. இந்திய ரயில்வேயின் பெரும்பகுதி 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. அகலம் வேறு என்பதால் இங்கே ஓடும் ரயில் அங்கே போகாது, அங்குள்ளது இங்கே வராது. சென்னையிலிருந்தோ மங்களூரிலிருந்தோ வருபவர் பெட்டி படுக்கையோடு இறங்கி வண்டி மாற வேண்டும். கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய இ. ஸ்ரீதரன் திட்டத்தின் வடிவமைப்பைக் கடுமையாகக் குறை சொன்னார்; அவர் 2021 தேர்தலில் பாரதிய ஜனதா வேட்பாளராக நின்றவர் என்பதைக் காட்டி ஆளுங்கட்சி அதைத் தள்ளியது. ஆனால் முதற்கட்ட ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்த ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் அலோக் குமார் வர்மாவும் எதிர்த்தபோது அந்த விடை செல்லுபடியாகவில்லை. இடதுசாரிகளுக்கு நெருக்கமான அறிவியல் பரப்பு அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் திட்டத்தை ஏற்கவில்லை.

தொகை பற்றிய சந்தேகமும் சேர்ந்தது. 63,941 கோடி போதாது, 1.26 லட்சம் கோடி வரை ஆகலாம் என்று நிதி ஆயோக் மதிப்பிட்டது. அரசு சொன்ன 63,941 கோடியிலேயே பாதிக்கு மேல் வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் கடனாக வர வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 80,000 பேர் பயணிப்பார்கள், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 75 காசு கட்டணம் என்பது கணக்கு. இந்தக் கணக்குகளைச் சரிபார்க்கத் தேவையான முழு அறிக்கையோ நெடுநாள் மூடியே இருந்தது. சட்டமன்றத்தில் பிரச்சினை எழுந்த பிறகு 2022 ஜனவரியில்தான் அது பொதுவெளிக்கு வந்தது. அதற்குள் பல ஊர்களில் கல் நட்டாகிவிட்டது. சில்வர்லைனின் தோல்விக்குக் காரணம் தேட வேண்டுமானால், கடன் சுமையைவிட இந்த வரிசை மாறிய நடைமுறையில் தேடுவதே பொருத்தம்.

கட்சிகளின் நிலைப்பாடுகளும் நேர்கோட்டில் இல்லை. மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதியில் புல்லட் ரயிலுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த மார்க்சிஸ்ட் கட்சி கேரளத்தில் ஆட்சியில் இருந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறது என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. காங்கிரஸ் கூட்டணி எம்.பி.க்கள் ரயில்வே அமைச்சருக்கு எழுதிய எதிர்ப்புக் கடிதத்தில், திட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் கையெழுத்திடவில்லை.

எதிர்க்கருத்தையும் கேட்கிறோம் என்று காட்ட, 2022 ஏப்ரல் 28 அன்று கழகமே திருவனந்தபுரத்தில் ஒரு விவாதம் நடத்தியது. அழைப்பாளர் பட்டியலில் ஏற்பட்ட மாற்றங்களைக் கண்டு வர்மா உள்ளிட்டோர் விலகினார்கள். கடைசியில் எதிர்த்துப் பேச மேடையில் இருந்தவர் பொறியியல் பேராசிரியர் ஆர்.வி.ஜி. மேனன் ஒருவர்தான். அடுத்த வாரம் போராட்டக்காரர்கள் தங்கள் பங்குக்குத் தனி விவாதம் நடத்தினார்கள். இதற்குக் கழகத்தார் வரவில்லை. இரண்டு கூட்டங்களிலும் நல்ல கேள்விகள் எழுந்தன, ஆனால் இரு தரப்பும் முழுமையாக எதிரெதிரே அமரவில்லை.

மே 16 அன்று கல் நடுவதை நிறுத்தி, செயற்கைக்கோள் வழி இடக்குறிப்பு முறைக்கு மாறுமாறு அரசு உத்தரவிட்டது. அந்த மாத இறுதியில் நடந்த திருக்காக்கரை இடைத்தேர்தலில் காங்கிரசின் உமா தாமஸ் 25,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். திட்டத்தின் காக்கநாடு நிலையம் அந்தத் தொகுதிக்குள் வருவது. நவம்பரில் நிலம் எடுப்புக்காக 11 அலுவலகங்களில் அமர்த்திய 205 வருவாய்த் துறை ஊழியர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மத்திய அனுமதி வந்தால் வேலை தொடரும் என்று அரசு சொன்னது.

2023 ஏப்ரலில் திருவனந்தபுரம்-காசர்கோடு வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. பழைய பாதையிலேயே எட்டு மணி நேரம் சொச்சத்தில் போய்ச் சேர்ந்தது, டிக்கெட்டுக்கும் நல்ல கிராக்கி. வேகம் வேண்டும் என்ற விருப்பத்துக்கு அது சாட்சி என்றார்கள் ஆதரவாளர்கள். இருக்கும் பாதையை நிமிர்த்தினாலே பாதி பலன் கிடைக்கும் என்றார்கள் மற்றவர்கள். அதே ஆண்டு ஜூலையில் கேரள அரசின் டெல்லிப் பிரதிநிதி கே.வி. தாமஸ் ஸ்ரீதரனைச் சந்தித்தார். தூண்கள் மேலும் சுரங்கத்திலும் செல்லும், குறைந்த நிலம் எடுக்கும் மாற்று யோசனையை ஸ்ரீதரன் எழுதிக் கொடுத்தார். எதிரணியில் இருந்தவரிடமே அரசு யோசனை கேட்கும் நிலைக்கு வந்திருந்தது. தொழில்நுட்ப, சுற்றுச்சூழல் சிக்கல்கள் தீர்ந்தால் திட்டத்தைப் பரிசீலிக்கத் தயார் என்று 2024இல் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். அகலப் பாதையாக மாற்ற வேண்டும், வந்தே பாரத்தும் சரக்கு ரயிலும் ஓட இடம் வேண்டும், பழைய பாதையோடு அங்கங்கே இணைக்க வேண்டும் என்பவை ரயில்வே தரப்பு நிபந்தனைகள். மெதுவாகச் செல்லும் வண்டிகளை உள்ளே விட்டால் நான்கு மணி நேரக் கணக்கு நிற்காது என்று சொல்லிக் கழகம் அவற்றுக்கு இணங்கத் தயங்கியது.