எலுமிச்சை மரத்தடியில் ஒரு காமிரா

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோபுரம், ஆண்டாள், அப்புறம் பால்கோவா! எனக்கோ சித்தி வீட்டுக் கொல்லைப்புறத்து எலுமிச்சை மரம்தான் முதலில் ஞாபகம் வரும். அந்த மரத்தடியில் நான் ஒரு பாவம் செய்தேன்.

பூவையும் பூச்சியையும் வெகு கிட்டத்தில் போய்ப் பெரிதாகப் படம் பிடிப்பதில் எனக்குப் பைத்தியம். பளிச்சென்று மின்னும் ஃபிளாஷ் விளக்கு கிடையாது. சூரிய வெளிச்சம் மட்டும்தான். இதில் ஒரு சங்கடம் உண்டு. பூச்சியின் பிம்பம் அதன் நிஜ அளவிலேயே காமிராவுக்குள் விழவேண்டுமானால், தூரத்துக் காட்சிக்குக் கிடைக்கிற வெளிச்சத்தில் கால் பங்குதான் உள்ளே வந்து சேரும். தெளிவாக விழுகிற ஆழமோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். கண் தெளிந்தால் சிறகு மங்கும். இலை லேசாக ஆடினாலும் போச்சு!

சித்தியின் மரத்தில் 'எலுமிச்சை அழகி' என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டிருந்தது. இதன் புழு சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரித் தோன்றும். வளர்ந்ததும் இலைப் பச்சை. பிறகு இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு, காம்போடு காம்பாகக் கூட்டுப்புழுவாகிவிடும். ஒரு நாள் சாயந்திரம் அந்தக் கூடு கறுத்து, உள்ளே சிறகின் வரிகள் தெரிந்தன. மறுநாள் காலையில் பூச்சி வெளிவரும் என்பதற்கு அது அடையாளம்.

ஆனால் கூடு இருந்ததோ நல்ல நிழலில். எனக்குப் பொறுமை ஏது? விடிந்ததும் கிளையை ஒடித்து, எவர்சில்வர் டம்ளரில் செருகி, வெயில் விழும் துவைக்கிற கல்மீது வைத்தேன். பூச்சி வெளியே வந்தது. ஏறிப் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் டம்ளரில் வழுக்கிக் கல்லில் விழுந்தது. புதிதாகப் பிறந்த சிறகு ஈரத் துணி போலச் சுருண்டிருக்கும். பூச்சி தொங்கினால்தான் அது விரிந்து காயும். இந்தப் பூச்சியின் சிறகு சுருண்டது சுருண்டபடியே காய்ந்துவிட்டது.

சித்தி பார்த்துவிட்டு, "ஏண்டா தம்பி, நீ படத்துக்கு எடம் பாத்தியே, அது தொங்கதுக்கு எடம் பாத்தியா?" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரே விதிதான். வெளிச்சத்தைப் பூச்சியிடம் கொண்டு போகலாம். பூச்சியை வெளிச்சத்துக்குக் கொண்டு வரக்கூடாது. நிழலில் இருந்தால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து வெயிலைத் திருப்பிவிடலாம். வெயில் கடுமையென்றால் மெல்லிய வெள்ளை வேஷ்டியைக் குறுக்கே பிடித்தால் போதும். இலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் நரம்பெல்லாம் பச்சைக் கண்ணாடியாக ஜொலிக்கும்! சூரியன் ஏறுமுன் பூச்சிகள் குளிரில் அசையாமல் இருக்கும். அதுவே நல்ல வேளை. இந்தப் பக்கத்தில் மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் தடையில்லாமல் விழும். சாயந்திரம் சீக்கிரமே மறைந்துவிடும்.

இங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். அதன் மேற்கே நிற்கும் மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று; 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. காப்பகக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2019-ல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட 'தமிழ் மறவன்' மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வதுதான்.

ஆனால் காட்டுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை, சகோதரிகளே! உங்கள் மாடித் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? அதிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். அடுத்த முறை இலை கிள்ளும்போது ஒரு புழுவைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள். நாலு இலை போனால் போகட்டும்.

போன மாதம் சித்தியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, கூடு கறுத்திருச்சு. காலைலே வாரியா?"

போனேன். சித்தி வெள்ளை அட்டையைப் பிடித்தாள். பூச்சி வெளியே வந்து, காம்பில் ஏறித் தொங்கி, மெதுவாகச் சிறகை விரித்தது. ஒரே ஒரு படம்தான் சரியாக விழுந்தது. அது பறந்து போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.