வாளேந்திய உடலும் காணாமல்போன படச்சுருள்களும்

1925இல் வந்த 'ஒரோச்சி' என்ற ஜப்பானிய ஊமைப்படத்தை வெறும் கத்திச்சண்டைப் படமாகப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். முடிவில் கால்மணி நேரத்துக்கும் மேலாக அடிதடிதான். ஆனால் பிரதிக்குள் ஓடுவது வேறு. ஹெய்சாபுரோ கீழ்நிலைச் சாமுராய். குருவின் பிறந்தநாள் விருந்தில் மேலிடத்துப் பையன் வம்புக்கு இழுக்கிறான், பழி இவன் தலையில் விழுகிறது. அந்தஸ்துள்ளவன் செய்தால் விளையாட்டு, இவன் கையை ஓங்கினால் ரவுடித்தனம். படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'பொறுக்கி' என்ற பொருள்படுவதுதான். தணிக்கை ஒப்பவில்லை, 'பெரும்பாம்பு' ஆக்கிவிட்டார்கள். யாரைப் பொறுக்கி என்பது என்ற கேள்வி அரசுக்கே உறுத்தியிருக்கிறது, பாருங்கள்.

இயக்கியவர் புன்தாரோ ஃபுதகாவா. நடித்தவர் சுமசபுரோ பந்தோ. அதுவரை மத்ஸுனோசுகே ஒனோயே படங்களில் சண்டை என்பது கபுகி மேடையின் நிதானமான அசைவு. பந்தோவோ ஓடுகிறார், மூச்சிரைக்கிறார், தள்ளாடுகிறார். வீரம் என்ற சொல்லாடலுக்குள் அடங்காத, களைத்துப்போகிற உடல் அது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதைசொல்லும் 'பென்ஷி' அதற்குக் குரல் கொடுத்தார். நம்மூர்க் கொட்டகைகளிலும் படத்தை விளக்கிச் சொல்ல ஆள் இருந்ததுண்டு. எழுத்துத் தெரியாத ஜனத்துக்கு அவர்தான் படமே.

நமக்கும் அப்படியான உடல்கள் இருந்தன. கொரட்டூரிலிருந்து கீழ்ப்பாக்கம் ஒன்றும் தூரமில்லை. அங்கேதான் மோட்டார் உதிரிபாக வியாபாரி நடராஜ முதலியார் 1917-18 வாக்கில் 'கீசக வதம்' எடுத்தார். ஆயுதமில்லாமல் பீமன் கீசகனை நசுக்கிக் கொல்கிற கதை, மல்யுத்தம் இல்லாமல் அது ஏது? புதுக்கோட்டை நாகலிங்கம், உடற்பயிற்சி வீரர் சாண்டோவின் பெயரைச் சூடி ராஜா சாண்டோ ஆனார். பம்பாய் ஊமைப்படங்களில் நாயகனாகிவிட்டு, சென்னைக்கு வந்து 1930இல் 'பேயும் பெண்ணும்' எடுத்தார். அவர் பேரில் அரசு விருது உண்டு. இங்கே எடுத்த ஊமைப்படங்களில் ஒரு சுருள்கூட இல்லை.

வெயில், நைட்ரேட் பிலிம் என்று சமாதானம் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. ஜப்பானில் 1923 பூகம்பம், பிறகு குண்டுவீச்சு. பெரும்பாலான ஊமைப்படங்கள் அங்கேயும் போய்விட்டன. மிச்சமிருந்ததைப் போருக்குப் பின் ஷுன்சுய் மத்ஸுதா என்ற ஒரு பென்ஷி தேடித் தேடிச் சேர்த்தார். கொட்டகையில் வாய்ச்சொல்லால் பிழைத்த மனுஷன் செய்த வேலை அது. இங்கே படம் விளக்கியவர்களின் பெயரைக்கூட நாம் குறித்து வைக்கவில்லை.

தெற்கில் தப்பியது நாகர்கோயில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933). நாவலின் உரிமைத் தகராறில் படம் முடங்கியது, சுருள் திருவனந்தபுரத்துப் பதிப்பகத்தில் கிடந்தது, 1974இல் புனே ஆவணக் காப்பகத்துக்குப் போனது. ரசிகனும் காப்பாற்றவில்லை, அரசும் காப்பாற்றவில்லை. வழக்கு காப்பாற்றியது.